பதினோராவது முடிச்சு

ஆர்டெல்லா புரூயிட் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். எங்கள் தெருவில் என் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கும் செங்கல் வீட்டில் குடியிருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயது. இடது முழங்கால் சொன்னபடி கேட்காது. எங்கள் ஊரான செயின்ட் லூயிஸை விட்டு நான்கு நாள் சேர்ந்தாற்போல் வெளியே இருந்ததில்லை. அவளைப் பற்றித் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: எண்ணிக்கொண்டே இருப்பாள்.

அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பிப்ரவரிக் குளிரில், ஒரு பையன் கடைசி இருக்கையில் தூங்கிப்போனான். இவள் பார்க்காமல் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சூடாகப் பால் குடித்துவிட்டு விளையாடப் போய்விட்டான். ஆனது ஆர்டெல்லாவுக்குத்தான். அன்றிலிருந்து ஏறும்போது எண்ணுவாள், இறங்கும்போது எண்ணுவாள், காலி வண்டியிலும் ஒருமுறை நடந்து பார்ப்பாள். படுத்த பிறகு எழுந்து அடுப்புத் திருகுகளை எண்ணுவாள். அவள் புருஷன் ரஸல் உயிரோடு இருந்தவரை கேலி செய்வான்: “என்னை எண்ணிட்டியா?”

“ஒண்ணு. சரியா இருக்கு. தூங்குங்க.”

பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கிற ஹாலோவீன் அன்று, சாயங்காலம் வேலைக்குப் போகிற பெற்றோரின் பிள்ளைகளை அழைத்துப் போவது பன்னிரண்டு வருடமாக அவள் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். அதற்கென்று நீளமாக ஒரு கயிறு வைத்திருக்கிறாள். பிள்ளைக்கு ஒன்றாக அதில் முடிச்சுப் போட்டிருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் முடிச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தெரு கடந்தால் எண்ணுவாள், வீட்டுப் படி இறங்கினால் எண்ணுவாள். கயிற்றின் முன்பக்கம் அவள், பின்பக்கம் நான். கால் வலிக்கிற குழந்தைகளை உட்கார வைக்க நான் கைவண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வருவேன்.

எங்கள் ஊரில் சும்மா பையை நீட்டினால் மிட்டாய் கிடைக்காது. ஒரு ஜோக் சொல்ல வேண்டும். சிரிப்பு வராவிட்டாலும் பரவாயில்லை, சொல்லத்தான் வேண்டும். வேறு ஊர்களில் சும்மா கொடுக்கிறார்களாம். அதைக் கேட்டால் எனக்கு ஒப்பவில்லை. பிள்ளை ஒன்று கொடுக்கிறது, நாம் ஒன்று கொடுக்கிறோம், அதுதான் முறை. யார் வந்து சொன்னாலும் நான் இதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

போன அக்டோபரில் கயிற்றில் பதினோரு முடிச்சு. பதினோராவது முடிச்சு டெலானிக்கு. ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை. அவள் அம்மா கார்லிஸ் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மாலை ஷிப்ட். இந்தத் தெருவுக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் இரண்டு ஹாலோவீனிலும் ஆர்டெல்லா போய்க் கேட்டாள், கார்லிஸ் பிள்ளையை அனுப்பவில்லை. அவளுக்கு இருப்பது அந்த ஒரு பெண்தான். யாரிடமும் விட்டுப் பழக்கமில்லை. இந்த முறை டெலானி அழுது அழுது சம்மதம் வாங்கினாள். கார்லிஸ் பழைய படுக்கை விரிப்பில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டிப் பேயாக்கி, கொண்டுவந்து விட்டாள்.

“எட்டு மணிக்கு நான் வந்துடுவேன். எனக்கு என் புள்ள முழுசா வேணும்” என்றாள்.

“மிட்டாய் தின்னு கொஞ்சம் கூடுதலாவே வருவா” என்றாள் ஆர்டெல்லா. கார்லிஸ் சிரிக்கவில்லை. உடனே ஆர்டெல்லா முடிச்சுகளை மறுபடி எண்ண ஆரம்பித்துவிட்டாள். அவளை எனக்குத் தெரியாதா?

அன்று ஞாயிற்றுக்கிழமை. தெருவில் முதல் நாலைந்து வீடு பார்த்தோம். டெலானியின் ஜோக்தான் எல்லோருக்கும் வேடிக்கை. அவள் பதிலை முதலில் சொல்லிவிடுவாள்.

“நனையறதுக்கு என்ன இருக்கு!” என்று கத்துவாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “எலும்புக்கூடு ஏன் மழையில குடை பிடிக்கல?”

“கேள்விய முன்னாடி கேக்கணும்டீ, லூசு” என்பான் பத்து வயது டெரல், கடற்கொள்ளைக்காரன் வேஷத்தில்.

“முன்னாடி கேட்டா நீ பதில் சொல்லிடுவ!”

அவள் சொன்னதும் நியாயம்தான்.

பிறகு தேவாலயத்து வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனோம். அங்கே இருபது முப்பது கார்கள் டிக்கியைத் திறந்து, சிலந்திவலை, பூசணிக்காய் என்று அலங்கரித்து, மிட்டாய் கொடுப்பார்கள். கூட்டமென்றால் கூட்டம். வரிசை நீளம் என்பதால் அங்கே ஜோக் கேட்பதில்லை. கை ஓயாமல் மிட்டாயை அள்ளி அள்ளிப் போட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லவும் செய்தேன். யார் கேட்கிறார்கள்? டிக்கி டிக்கியாகப் போவதற்குப் பிள்ளைகள் கயிற்றை விட்டார்கள். சூடான சாக்லேட் பாலுக்குத் தனியாக ஒரு மேசை, அங்கே ஒரே நெரிசல்.

பத்து நிமிடம் கழித்து ஆர்டெல்லா விசில் ஊதினாள். “முடிச்சைப் பிடிங்க!” பிள்ளைகள் ஓடி வந்து பிடித்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. அவள் முன்னாலிருந்து பின்னால்வரை விரலை நீட்டி எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்று. ஒரு முடிச்சும் காலியில்லை. கடைசி முடிச்சில் வெள்ளை விரிப்புப் போட்ட பேய் இருந்தது. நானும் பார்த்தேன். என் கைவண்டிக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில்தான் நின்றது.

நாலு தெரு தள்ளி ஹாஸ்லர் வீடு. அவர் மதுபான ஆலையில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஜோக் விஷயத்தில் கறாரானவர். டெரல் முதலில் போனான்.

“பூசணிக்காய்க்கு ஏன் பள்ளிக்கூடமே பிடிக்கல?”

“ஏன்?”

“மண்டையில இருக்கறத எல்லாம் வழிச்சு எடுத்துட்டு, சிரின்னு சொல்றாங்க.”

ஹாஸ்லர் சிரித்து இரண்டு மிட்டாய் போட்டார். ஒவ்வொருவராக வந்து கடைசியில் பேயின் முறை. பேய் பையை நீட்டிக்கொண்டு நின்றது.

“ஜோக்கு எங்க?” என்றார் ஹாஸ்லர்.

பேய் பையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டியது.

“ஜோக்கு சொல்லும்மா” என்றாள் ஆர்டெல்லா.

“எதுக்கு?” என்றது பேய்.

ஆர்டெல்லாவின் முகம் அப்போது போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. குனிந்து விரிப்பைத் தூக்கினாள். உள்ளே ஒரு பையன். சிவப்புக் கோட்டு, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, வாயில் மிட்டாய்.

“நீ யாருடா?”

“பேய்.”

“பேரு என்னடா கண்ணு?”

“தியோடர். எங்க ஊர்ல ஜோக்கெல்லாம் கேக்க மாட்டாங்க.”

“எந்த ஊரு?”

“சிகாகோ. அத்தை வீட்டுக்கு வந்தோம். நாளைக்கு ஸ்கூல் இருக்கு, அதனால மிட்டாய் வாங்கிட்டு வேன்ல ஊருக்குப் போறோம்.”

“இந்தக் கயித்தை ஏன்டா பிடிச்ச?”

“கயிறு நல்லாருந்துச்சு. ஒரு முடிச்சு சும்மா இருந்துச்சு.”

ஆர்டெல்லா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “உங்க வேன்ல எத்தனை பேரு?”

“எட்டு புள்ளைங்க. அப்பா எண்ணுவாரு.”

அதுதான். அங்கேயும் ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். வெள்ளை விரிப்புப் போட்ட பேய் ஒன்று அவர் வரிசையிலும் நின்றால் எட்டுச் சரியாக இருக்கும். இந்தப் பையனை யாருமே தேடமாட்டார்கள். வேன் டெலானியோடு சிகாகோவுக்குப் புறப்பட்டுவிடும். ஐந்து மணி நேரப் பயணம். பையனுக்கு அப்பாவின் போன் எண் தெரியவில்லை. ஹாஸ்லர் உள்ளே போய் போலீஸுக்குப் போன் போட்டார்.

“வாங்க எல்லாரும், முடிச்சைப் பிடிங்க, திரும்பிப் போறோம்” என்றாள் ஆர்டெல்லா. நடந்தோம். ஆனால் கயிறு போகிற வேகம் அதிலிருக்கும் சின்னக் காலின் வேகம்தானே? தேனீ வேஷத்தில் இருந்த நாலு வயதுப் பிள்ளை இறக்கை விழுந்துவிட்டதென்று நின்றது. நான் கத்தினேன்.

“கயித்தை விட்டுட்டு ஓடுடீ! இதுங்களை நான் பாத்துக்கறேன்.”

“பத்துப் புள்ளைங்கள நடுத்தெருவுல விட்டுட்டுப் போறதா? முடியாது அத்தை.”

“நடுத்தெருவுலயா விடற? என்கிட்டதானே விடற?”

“நீங்க எண்ணுவீங்களா?”

“எனக்கு எழுதப் படிக்கத்தான் தெரியாது. பத்து வரைக்கும் எண்ணத் தெரியும். போடீ!”

அவள் கயிற்று நுனியை என் கையில் திணித்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் அந்தக் கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். முழங்கால் இழுக்க இழுக்க ஓடினாள். நான் ஒரு கையில் கயிறும் ஒரு கையில் கைவண்டியுமாகப் பின்னால் போனேன். காலி முடிச்சு தரையில் உரசிக்கொண்டே வந்தது. டெரல் அதை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டான்.

நாங்கள் தேவாலயத்து மூலைக்கு வந்தபோது பாதிக் கார்கள் போய்விட்டிருந்தன. ஒரு சாம்பல் நிற வேன் வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஆர்டெல்லா அதன் முன்னால், இடது கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடப் பேருந்து நின்றால் பக்கத்திலிருந்து சிவப்புப் பலகை நீளுமே, அப்படி. வேன் அவள் வயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

ஓட்டியவர் கண்ணாடியை இறக்கினார். “பைத்தியமாம்மா உனக்கு? வண்டியில புள்ளைங்க இருக்கு!”

“அதுல ஒண்ணு என்னுது.”

“என் வண்டியில எட்டு. இப்பதான் எண்ணினேன்.”

“எண்ணினீங்க. மூஞ்சியப் பாத்தீங்களா?”

அப்போதுதான் அவர் அவள் இடுப்பிலிருந்த பையனைப் பார்த்தார். இறங்கி ஓடிவந்து பையனை வாங்கியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்ட நான் நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவர் பையனின் மூக்கைத் தன் சட்டைக் கையால் துடைத்ததைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

ஆர்டெல்லா வேன் கதவைத் திறந்தாள். நடு இருக்கையில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு நடுவே டெலானி, விரிப்பை நெற்றிவரை தூக்கிவிட்டு, பெல்ட் போட்டுக்கொண்டு, கையில் சாக்லேட் பாலோடு உட்கார்ந்திருந்தாள்.

“ஆர்டெல்லாம்மா, இவங்க கிட்ட நாய் இருக்காம்” என்றாள்.

ஆர்டெல்லா அவள் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, பல்லில்லாத வாய் எல்லாவற்றையும் பார்த்தாள். நான் கொண்டுபோன பத்துப் பிள்ளைகளின் முகத்தையும் அதேபோல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். தேனீக்குக் கூச்சமாகிச் சிரித்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் நான் சொன்னேன்: “கார்லிஸ்கிட்ட ஒண்ணும் சொல்லாத. புள்ள கிடைச்சாச்சு. முழுசா இருக்கு.”

“டெலானியே சொல்லிடுவா, அத்தை.”

“சொல்லட்டும். அவ எல்லாத்தையும் தலைகீழா சொல்றவ. யாருக்குப் புரியும்?”

“எனக்குத் தெரியுமே” என்றாள் ஆர்டெல்லா.

எட்டு மணிக்குக் கார்லிஸ் சலவைக்கூடத்துச் சீருடையோடு வந்தாள். ஆர்டெல்லா வாசல் விளக்கடியில் நின்று நடந்தது முழுவதையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. கார்லிஸ் பெண்ணின் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“எவ்வளவு நேரம்?”

“அரை மணி. அதுல பாதி நேரம் அவ இல்லைன்னே எனக்குத் தெரியாது.”

“நீங்க எண்ணுவீங்கன்னு சொன்னாங்களே.”

“எண்ணினேம்மா.”

கார்லிஸ் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று ஆர்டெல்லா வீட்டு அடுப்படி விளக்கு விடியும்வரை எரிந்தது. சொல்லியிருக்க வேண்டாம் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். உண்மை எல்லாச் சமயத்திலும் வயிற்றை நிரப்பாது. ஆனால் நான் அந்தப் பேருந்தை ஓட்டுகிறவள் இல்லையே.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் இருக்கும் பேருந்து நிறுத்தத்துக்கு டெலானி வருவாளோ மாட்டாளோ என்று என் ஜன்னலில் நின்று பார்த்தேன். வந்தாள். கார்லிஸும் கூட வந்தாள். கதவு திறந்ததும் கார்லிஸ் பெண்ணின் குல்லாவைப் பின்னால் தள்ளி, மோவாயைத் தூக்கிக் காட்டினாள்.

“இதுதான் என் பொண்ணு. பாத்துக்கங்க.”

“பாத்துட்டேன். டெலானி” என்றாள் ஆர்டெல்லா. எண்ணைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஏறுகிற எல்லாப் பிள்ளையையும் பெயர் சொல்லித்தான் ஏற்றுகிறாள். பேருந்து தினமும் நாலு நிமிடம் தாமதம். மேலதிகாரி இரண்டு முறை கண்டித்துவிட்டார். போய்யா என்றிருக்கிறாள்.

இப்போது மார்ச் மாதம். கார்லிஸ் இன்னும் தினமும் வருகிறாள், தினமும் குல்லாவைத் தள்ளி முகத்தைக் காட்டுகிறாள். வணக்கம் சொல்வதில்லை. அடுத்த ஹாலோவீனுக்குப் பிள்ளையை அனுப்புவாளா என்று ஆர்டெல்லா கேட்கவில்லை. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம் அவளுக்கு.

இன்று காலை நல்ல மழை. டெலானியின் முகத்தைக் காட்டுவதற்குள் கார்லிஸ் தொப்பலாக நனைந்துவிட்டாள்.

“நாளைக்கும் மழையாம். உள்ள ஏறி நின்னு காட்டும்மா” என்றாள் ஆர்டெல்லா.

கார்லிஸ் டெலானியின் குல்லாவை மறுபடி இழுத்துவிட்டாள். பிறகு பேருந்தின் முதல் படியில் ஒரு காலை வைத்தாள்.