வெள்ளைச் சுவர் பாட்டு

ருவைஸ் தொழிலாளர் கேம்பை விட்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஒரு தோளில் பை, மறு தோளில் கிடார். அஸர் தொழுகை முடிந்த நேரம், வெயில் இன்னும் இறங்கவில்லை. சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே வந்தது. மனைவிதான், வீடியோ கால். எடுத்தால் போனைத் திருப்பிக் காட்டச் சொல்வாள். அதனால் சில நாட்களாக எடுப்பதில்லை.

எங்கள் கேம்பில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு நல்ல சுவர் உண்டு. வெள்ளை அடித்து, பக்கத்தில் பிளாஸ்டிக் செடி வைத்து, மேலே ஏசி தெரிகிற மாதிரி. டூட்டி முடிந்து குளித்ததும் எல்லோரும் அதற்கு முன்னால் வரிசையில் நின்று வீட்டோடு பேசுவோம். அடுக்குக் கட்டிலும் அதில் தொங்கும் ஈர வேலை உடுப்பு, அந்தக் கவராலும் ஊருக்குத் தெரியக் கூடாது. புதிதாக வருகிறவனுக்கு டாய்லெட் எங்கே என்று காட்டும்போதே இந்தச் சுவரையும் காட்டிவிடுவார்கள். குவைத் ஃபர்வானியாவிலும் ஜெத்தா ஷரஃபியாவிலும் நான் தங்கிய இடங்களில்கூட இப்படி ஒன்று இருந்தது.

இதைத்தான் பாட்டாக்கினேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். கிடார் மட்டும் ஊர் மாதா கோவில் பாடகர் குழுவில் பழகியது. பக்கத்து அறையில் ஒரு பிலிப்பைன்ஸ் வெல்டர் இருந்தான். கபாயான் என்றுதான் கூப்பிடுவோம். எப்போது பார்த்தாலும் அமெரிக்க கன்ட்ரி பாட்டு வாசிப்பான். லாரி, நீள ரோடு, விட்டுப்போன பெண்டாட்டி. கன்ட்ரி பாட்டில் படுக்கிற இடத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்பான். அந்த மெட்டுக்குத் தமிழில் நான் வார்த்தை போட்டேன்.

'வெள்ளைச் சுவரு முன்னால நான் ராசா புள்ள,
போனத் திருப்பிப் பாத்தா நான் யாரும் இல்ல.'

லாண்டரி அறையில் நனைந்த போர்வைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு, எதிரொலி வராமல் போனில் பதிவு செய்தோம். ஒரே பாட்டை மட்டும் வெளியிட்டால் அதற்கு சிங்கிள் என்று பெயராம், கபாயான் சொன்னான். அட்டைப் படத்துக்கு அந்தச் சுவரையே எடுத்து, நெட்டில் போட்டான்.

முதல் வாரம் கொண்டாட்டம்தான். ஃபர்வானியாவிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், "எங்க கேம்புல அது நீலச் சுவருண்ணே, செடிக்குப் பதிலா மீன் தொட்டி படம்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். ஷரஃபியாவில் ஒரு ஓட்டலில் பாட்டைப் போட்டு ஆட்கள் மேசை தட்டுகிற வீடியோ வந்தது. மெஸ்ஸில் எனக்கு மீன் தலையை எடுத்து வைத்தார்கள்.

அப்புறம் பாட்டு ஊருக்குப் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை சுவர் முன்னால் வரிசையே நகரவில்லை. எங்கள் மாடிப் புதுக்கோட்டைக்காரரின் மனைவி போனைத் திருப்பச் சொன்னாள். அவர் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டார். அடுத்து நின்ற கீழக்கரை பாயிடம் அவர் மகள் அதையே கேட்டாள். அவர் திருப்பிவிட்டார். மூட்டைப்பூச்சிக்காக வெளியே நிறுத்தியிருந்த மெத்தைகளை அந்தப் பெண் பார்த்தாள். அவள் அழுத சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு பாய் வீட்டுக்குப் பேசவே இல்லை.

"வாங்க பாடகரே, சுவரு காலியாத்தான் கெடக்கு. போய் நின்னு பாடுங்க" என்றார் புதுக்கோட்டைக்காரர். அன்றைக்கே மெஸ்ஸிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். என் தட்டு அடுப்படிக்கு வெளியே கிடந்தது. பாட்டை அழித்தேன். பிரயோஜனமில்லை, ஆளுக்கொரு போனில் இருந்தது. கபாயான் மட்டும் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தான்.

பாய் என்னைத் திட்டவில்லை. "ஊருல உள்ளவங்களுக்கும் அரசல்பொரசலா தெரிஞ்ச பொய்தானே தம்பி அது. அத ஒடச்சுக் காட்டுன்னு யாரு கேட்டா ஒங்கிட்ட?" என்றார். பையையும் கிடாரையும் எடுத்துக்கொண்டு கேம்பை விட்டு இறங்கிவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எங்களை வேலைக்கு அனுப்பும் சப்ளை கம்பெனி ஃபோர்மேனுக்குப் போன் செய்து, வேறு எந்த சைட் என்றாலும் சரி என்றேன்.

"முஸஃபால டேங்க் கிளீனிங் இருக்கு. ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். நீ போவியா?"

"போறேன்."

மறுநாள் காலை முஸஃபாவில் எண்ணெய் டேங்க் பக்கத்தில் பிக்கப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். கவராலும் பூட்ஸும் மாட்டினேன். போனை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். வைக்கப் போகும்போது அடித்தது. இனிமேல் ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று எடுத்தேன். அவள் கேட்பதற்கு முன்பே திருப்பிக் காட்டினேன். டேங்கின் வட்ட வாசல், வாளிகள், தரையெல்லாம் கறுப்புக் கசடு.

"பாத்துட்டேன். போதும், திருப்புங்க" என்றாள். அழவில்லை. "அங்கன சுவரு ஏதாவது உண்டா?"

"எதுக்கு?"

"பாட்டு கேட்டதுலேர்ந்து மாமி சாப்பிடல்ல. எம்புள்ள அப்படியா கெடக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்காவ. அது வேற ஆளுக்க பாட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். போன அவங்ககிட்ட குடுக்கப் போறேன். நல்ல சுவரா பாத்து நில்லுங்க."

கேட் ஆபீஸ் கேபினின் பக்கவாட்டு வெள்ளையாக இருந்தது. ஓடிப்போய் அதன் முன்னால் நின்றேன். கவராலை இடுப்புவரை இறக்கினேன். உள்ளே போட்டிருந்தது நல்ல சட்டைதான்.

"மக்களே, கறுத்துட்டியே" என்றாள் அம்மா.

"வெளிச்சம் சரியில்லம்மா. உள்ள ஏசிலதான் வேல. நீ சாப்பிடு."

டேங்க் பக்கமிருந்து ஃபோர்மேன் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கத்தினார். யார் அது என்று அம்மா கேட்டாள். ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்றேன். போனை வண்டி சீட்டில் போட்டேன். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியை முன்னால் தள்ளிவிட்டு, அந்த வட்ட வாசலுக்குள் குனிந்தேன்.