டாக்டர் கியாசுதீனின் ஆறாவது கட்டுரை

"கமா போட்டாச்சா, அமிர்தசாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் டாக்டர் கியாசுதீன் அடுத்த சொல்லுக்குப் போவார். மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக்கடை மாடியிலுள்ள டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஞாயிறுதோறும் இது நடக்கிறது. தட்டச்சு செய்யும் அமிர்தசாமியின் முதுகுக்குப் பின்னே நின்று, தம் ஆங்கிலக் கட்டுரையைப் புள்ளி பிசகாமல் வாய்விட்டுச் சொல்வார்.

"போட்டாச்சுங்க. மொதல்ல நீங்க கொஞ்சம் மூச்சு விடுங்க" என்பார் அமிர்தசாமி.

பிறர் மூச்சைப் பார்த்துக்கொள்வதே டாக்டரின் தொழில். அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுத்து, எல்லாம் முடியும்வரை நோயாளியின் தலைமாட்டில் இருப்பவர் அவர். வயிற்றைத் திறந்தவரின் பெயர் ஊருக்கு நினைவிருக்கும். தலைமாட்டில் இருந்தவரை நோயாளியே சரியாகப் பார்த்திருக்க மாட்டான். அதில் அவருக்குக் குறையில்லை. பஸ்ஸில் எதிரே உறங்குகிறவர் யாராயினும், கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணத் தொடங்கிவிடுவார். "பொம்பளை தூங்குறா, பார்வையைத் திருப்புங்க" என்று மனைவி ஹாஜிரா முழங்கையால் இடித்த நாள்களும் உண்டு.

வீட்டு அலமாரியில் நீல அட்டை நோட்டு ஒன்று இருக்கிறது. மருத்துவ இதழ்களில் வெளியான அவருடைய கட்டுரைகளின் பட்டியல் அது. முதலாவது, 1954: ஈதர் மயக்கம் தெளிந்தபின் வரும் வாந்தியைப் பற்றி ஒன்றரைப் பக்கம். ஒன்பது ஆண்டுகளில் ஐந்து கட்டுரைகள் சேர்ந்தன. "உங்களுக்கு அஞ்சு புள்ளைங்க, எனக்கு மூணுதான்" என்பாள் ஹாஜிரா.

ஆறாவது, ரண ஜன்னியைப் பற்றியது. காலில் ஆணியோ முள்ளோ குத்தி, சில நாளில் தாடை இறுகி, உடல் வில்லாய் வளைந்து வருகிறவர்களுக்குத் தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்தால் இழுப்பு நிற்கும். கூடவே மூச்சும் நிற்கும். மூச்சூட்டும் இயந்திரம் அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இல்லை. ஆகவே தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையொன்றை இரவும் பகலும் கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆள் போதாமையால், டாக்டர் நோயாளிகளின் உறவினரையே பழக்கினார். அரைமணிக்கு ஒருவர் என்பது அவர் வகுத்த விதி. பத்துப் பேருக்கு இவ்வாறு செய்ததில் ஒன்பது பேர் எழுந்து நடந்து வீடு சென்றார்கள்.

பத்தாமவன், முசிறிப் பக்கத்து வாழைத்தோட்டக்காரன் மருதை. ஆறாம் நாள் நண்பகலில், மாற்றாள் வராத வேளையில், அவன் மனைவி இருசம்மாள் பையை அமுக்கிக்கொண்டிருந்தாள். அவசர அறுவைக்கு அழைப்பு வரவே, "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினார். பையின்மேல் கை வைத்தபடியே இருசம்மாள் உறங்கிப்போயிருந்தாள். மருதை இறந்திருந்தான்.

கட்டுரையின் தட்டச்சுப் படியைப் படித்த சர்ஜன் தேசிகாச்சாரி, ஸ்ரீரங்கத்துக்காரர், கண்ணாடியைக் கழற்றினார். சென்னையில் ஒரு பேராசிரியர் பதவிக்கு டாக்டர் விண்ணப்பித்திருந்த நேரம் அது.

"ஓய், ஒன்பது கேஸே போறுமே. பத்தாவதை ஏன் சேர்க்கறீர்?"

"செத்துப்போனாரே, சார்."

"சேர்த்தேதான் ஆகணும்னா, ஆம்படையாள் கண் அசந்துட்டாள்னு எழுதும். அதுதானே நடந்தது?"

"அரைமணிதான்னு விதி போட்டது நான். மூணு மணி நேரம் விட்டுட்டுப் போனதும் நான்."

"உம்ம தலையில நீரே மண்ணை வாரிப் போட்டுக்கறீர். பெருமாள் விட்ட வழி."

கட்டுரை, டாக்டர் எழுதியபடியே வெளிவந்தது. நேர்முகத்தில் முதற்கேள்வி பத்தாவது நோயாளியைப் பற்றியது. கடைசிக் கேள்வியும் அதுவே. பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஊர் திரும்பிய டாக்டர், நீல நோட்டில் ஆறாம் எண்ணிட்டுக் கட்டுரையின் தலைப்பை எழுதிக்கொண்டார்.

அவர் மனத்தை அரித்தது அந்தப் பதவி அன்று. முசிறியிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றி வரும் லாரிக்காரரிடம் இருசம்மாளைப் பற்றி விசாரித்திருந்தார். "அது யாரோடயும் பேசுறதில்லீங்க. நான்தான் புருஷனக் கொன்னேன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்குது. சோறுகூடச் சரியா எறங்கலீங்க" என்றார் அவர். "அவங்க வீட்டுக்காரரப் பத்தி எழுதியிருக்கேன், ஒருதரம் வந்து பாக்கச் சொல்லுங்க" என்று அவர் வாயிலாகவே டாக்டர் அவளுக்குச் சொல்லியனுப்பினார்.

சென்ற வியாழக்கிழமை இருசம்மாள் வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரின் அறை வாசலைத் தாண்டவில்லை.

"போலீஸுக்கு எழுதிட்டீங்களா, டாக்டரய்யா?"

"இல்லம்மா. டாக்டருங்க படிக்கிற புஸ்தகத்துல எழுதியிருக்கேன். உள்ள வாங்க."

நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை. சுவரோரமாகத் தரையில் குந்தினாள்.

"என்னான்னு எழுதியிருக்கு? நான் தூங்கிட்டேன்னா?"

"தப்பு டாக்டரோடதுன்னு எழுதியிருக்கு."

"சும்மா சொல்றீங்க. என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க."

டாக்டர் மேசைமேலிருந்த இதழை எடுத்துப் பக்கத்தைத் தேடினார். பிறகு, கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டையோடு நாற்காலியை விட்டிறங்கி, அவளெதிரே தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். அவளுக்குத் தமிழெழுத்தே தெரியாது; அச்சாகியிருந்ததோ ஆங்கிலம். ஆயினும் இதழை அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, அந்த வரியின்மேல் விரலை ஊன்றினார்.