முதல் கிளாஸை ஊற்றியது யார்?

போன மாதம், ஒரு புதன்கிழமை, சிலாபம் ஆஸ்பத்திரியில் ஒரு மர வாங்கில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் தம்பி சவிரிமுத்து. வயது பதினேழு. சட்டை முழுவதும் இரத்தம்.

யாரும் அடிக்கவில்லை. கத்திக்குத்தும் இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன், முற்றத்தில் குனிந்து வாந்தி எடுத்தான். இரத்தமாக வந்தது! பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பயம். மீன் லொறி ஒன்றை மறித்து, கூடைகளுக்கு நடுவில் அவனைப் படுக்கவைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

டொக்டர் அதிகம் கதைக்காத மனிதர். அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு காலமாக் குடிக்கிறான்?"

"ஒரு... ரெண்டு வருஷம் இருக்கும் டொக்டர்."

"தகப்பன் குடிக்கிறவரோ?"

"ஓம்."

"தாய்?"

"இவனுக்குப் பத்து வயசில செத்துப்போயிட்டா."

"பள்ளிக்கூடம்?"

"அஞ்சாம் வகுப்போட விட்டுட்டான்."

"நீங்க என்ன செய்யிறீங்க?"

"நான்... வாத்தியார்."

அவர் நிமிரவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்திரிகையில் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கள்ளுத் தவறணைகளைத் திட்டி எத்தனை வாரம் எழுதியிருக்கிறேன்! ஆகவே குற்றவாளிகளின் பட்டியல் என்னிடம் தயாராக இருந்தது. ஒவ்வொருவராக டொக்டரிடம் ஒப்புவித்தேன். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தவறணை. கரைவலை இழுத்து முடிந்ததும், ஆட்களுக்கு ஒரு முட்டி கள்ளு அனுப்பிவைக்கும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. "குடிக்காட்டி நீ பொம்பிளையடா" என்று கேலி செய்யும் கூட்டாளிகள். தடிமன் பிடித்தால் மகனுக்கு மருந்தென்று கரண்டியில் சாராயம் பருக்கிய அப்பா...

எல்லாம் உண்மைதான். ஒன்றும் இட்டுக்கட்டவில்லை.

"ஆர் முதல்ல பழக்கினது?" டொக்டர் இப்போது சவிரியைக் கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அண்ணன்ட கலியாணத்தில, டொக்டர்."

மறந்தே போயிருந்தேன். மறந்துவிட்டேனா? இல்லை, அதை ஒரு விஷயமாகவே நினைத்து வைக்கவில்லை.

அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா போய் இரண்டு வருஷம். வீட்டில் பந்தல், பாட்டு, சாராயப் போத்தல்கள். இவன் மட்டும் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றான். எனக்கு அன்று தலைகால் தெரியாத சந்தோஷம். அவனை இழுத்து வந்து, கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றி, "குடியடா, நீ மாப்பிள்ளைட தம்பி!" என்றேன். குடித்தான். இருமினான். கண்ணில் தண்ணீர். சனமெல்லாம் கைதட்டிச் சிரித்தது. அப்பா அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

"அதுதான் பிடிச்சிருந்ததோ?" டொக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"சாராயம் பிடிக்கல்ல. கசப்பு." சவிரி கொஞ்சம் யோசித்தான். "அம்மா செத்த பிறகு எல்லாரும் என்னப் பார்த்துச் சிரிச்சது அண்டைக்குத்தான். சந்தோசமா இருந்திச்சி."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

பிள்ளைகள் தவறணைக்குப் போய்க் கெட்டுப்போகிறார்கள் என்று நாம் எழுதுகிறோம், பேசுகிறோம். தவறணை வாசலில் காலை வைக்கும்போது அந்தப் பிள்ளைக்கு அநேகமாக எல்லாம் பழகியிருக்கும். மருந்தென்று ஒருவர், விளையாட்டென்று ஒருவர், கூலிக்கு மேலே உபசாரமென்று ஒருவர்... எல்லோரும் அன்பாகத்தான் கொடுத்திருப்பார்கள்!

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். "திரும்பக் குடிச்சால் என்னட்டக் கொண்டு வரவேண்டி இருக்காது" என்று சொல்லித்தான் டொக்டர் அனுப்பிவைத்தார். எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். பின்னேரங்களில் அவனுக்கு எழுத்து வாசிப்புச் சொல்லிக் கொடுத்தேன். ஐந்து நாள் ஒழுங்காக உட்கார்ந்தான். ஆறாம் நாள் கரைவலைக்குப் போகிறேன் என்றான். எத்தனை நாள்தான் ஒரு வளர்ந்த பிள்ளையைப் பிடித்து வைப்பது? அன்று மாலை திரும்பி வந்தபோது கிட்டப் போகாமலே கள்ளு மணத்தது.

போன ஞாயிறு என் மகளுக்கு ஞானஸ்நானம். சாராயம் இல்லை, கள்ளும் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அப்பாவுக்குக் கோபம்.

"தேத்தண்ணி குடிக்கவாடா ஆக்கள் வாற? என்ட மானம் போகுது!"

"போகட்டும் அப்பா."

அவர் வரவில்லை. வாடகைக்கு எடுத்த கதிரைகளில் பாதி வெறுமையாகக் கிடந்தன. வந்தவர்களும் கேக்கைத் தின்றுவிட்டு, போத்தல் எங்கே என்று கண்ணாலேயே தேடினார்கள்.

சவிரி வந்தான். தோய்த்த வெள்ளைச் சட்டை, தலை சீவி, பவ்வியமாக. "குடுங்க அண்ணி" என்று பிள்ளையை வாங்கினான். அவன் கை நடுங்கியது. நடுக்கம் பிள்ளையின் தலைவரைக்கும் போனது. ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான்.

"பிடியுங்க அண்ணி... என்ட கை சரியில்ல."

திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனான். எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியும். வாசல் வரை போய்க் கூப்பிட்டேன். திரும்பாமலே கையை ஆட்டிவிட்டு நடந்தான்.

மறுநாளிலிருந்து ஊர் முழுக்க ஒரே கதை. வாத்தியார் வீட்டில் ஒரு சொட்டுக்கூடக் கிடைக்கவில்லையாம், இப்படியும் ஒரு கஞ்சனா! சவிரியின் கையைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.