மூன்று நாள் இருட்டுக்கு முந்நூறு மெழுகுதிரி

முந்தாநாள் காலையில் நம் வீட்டுப் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. சிவப்பு எச்சரிக்கை, மிகக் கனமழை, யாரும் வெளியே வராதீர்கள் என்று செய்தி. நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். நம் ஐரோலி முழுக்க வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் லீவு விட்டுவிட்டார்கள்.

டேனி, நீ அதே போனில் இன்னொரு செய்தியைக் காட்டினாய். கிரகங்கள் எல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கப் போகின்றனவாம். "பப்பா, துனியா கதம்! திங்கக்கிழமை உலகம் முடியுதாம். அப்ப செவ்வாக்கிழமை மேத்ஸ் டெஸ்டுக்குப் படிக்கணுமா?"

படி என்று சொன்னேன். உன் அக்கா ஷீபாவும் நீயும் சிரித்தீர்கள். சிரிக்கலாம். ஆனால் உலகம் முடியும் என்று நம்பி முதல் போட்டுத் தொழில் தொடங்கியவன் உங்கள் அப்பன். அந்த அனுபவத்தில்தான் சொன்னேன். உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அவசரமில்லை, மழை வரும்வரை மெதுவாக வாசியுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தி நான் தாராவியில் ஒரு சட்டைக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். மழை எச்சரிக்கை தர எங்களிடம் போன் இல்லை. ரேடியோ இருந்தது; அது சில இடங்களில் மழை பெய்யலாம், சில இடங்களில் பெய்யாமலும் இருக்கலாம் என்று யாரும் குறை சொல்ல முடியாதபடி சொல்லும். எங்களுக்கு நம்பிக்கை அப்பளக் கூடைகள் மேல்தான். சந்துப் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து, அவற்றின் முதுகில் அப்பளம் காயப் போடுவார்கள். நல்ல வெயிலில் அவர்கள் திடீரென்று கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினால், எண்ணிப் பத்தே நிமிடத்தில் மழை. ஒருநாள்கூடத் தவறியதில்லை. வானிலை ஆராய்கிறவர்கள் எவரும் அந்தச் சந்துக்கு வந்ததாகத் தெரியவில்லை.

மழையை வைத்து முன்னேற வேண்டும் என்பது எனக்கும் என் ரூம் நண்பன் செல்வத்துக்கும் இருந்த லட்சியம். முதலில் சயான் ஸ்டேஷன் வாசலில் குடை வாடகைக்கு விட்டோம். பன்னிரண்டு குடைகள். எங்கள் திட்டத்தில் ஒரு சிறிய குறை. குடை வாங்கியவர்கள் ரயிலேறிப் போனார்கள். அவர்கள் இறங்குகிற இடத்தில் மழை இல்லை. மழை இல்லாத இடத்தில் குடையின் நினைப்பும் இல்லை. தாணே, அம்பர்நாத் பக்கம் எங்கள் குடைகள் இன்றைக்கும் யார் வீட்டிலாவது விரிந்துகொண்டிருக்கும்.

அந்த ஜூலையில்தான் துண்டுப் பிரசுரம் வந்தது. ஊரிலிருந்து யாரோ கொண்டு வந்த ஜெராக்ஸ். ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சூரியன் அணையும், மூன்று நாள் இருட்டு, அதோடு உலகம் முடிந்தது. அந்த இருட்டில் மந்திரித்த மெழுகுதிரி மட்டும்தான் எரியும். அதுவும் நல்லவர்கள் வீட்டில் மட்டும். கீழே, இதை இருபது பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்காதவர்களுக்குக் கேடு வரும் என்று இருந்தது. உலக முடிவில் நிஜமாகவே முன்னேறியவர் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர்தான். அவர் கிறிஸ்தவரே இல்லை, வேறு மதம்.

செல்வமும் வேறு மதம்தான். "எங்காளுக கணக்குல இன்னும் லட்சக்கணக்கான வருசம் கெடக்குல. ஒங்காளுவதான் அவசரப்படுதிய" என்றான். ஆனாலும் திரி செய்து விற்கலாம் என்றதும் மெழுகு காய்ச்ச முன்னால் நின்றவன் அவனே.

முந்நூறு திரி வார்த்தோம். பருத்தி நூலை முறுக்கி, உப்புத் தண்ணீரில் நனைத்து, ரூமுக்குள் கொடி கட்டிக் காயப் போட்டோம். மும்பை ஜூலையில் ஒரு கைக்குட்டை காய மூன்று நாள் ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். நூலும் துணிதான் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஈர நூலின் மேலேயே மெழுகை ஊற்றினோம். பிறகு மந்திரிக்கக் கூடையோடு மாதா கோவிலுக்குத் தூக்கிப் போனேன். பங்குச் சாமியார் தாராள மனசுக்காரர். தீர்த்தத்தைச் சொட்டாகத் தெளிக்காமல் வாரி இறைத்தார்.

"ஒனக்குக் கலியாணம் எப்பம்ல?" என்று கேட்டார்.

"உலகம் முடிஞ்ச பொறவு சாமி" என்றேன், யாவார ஞாபகத்தில்.

விளையாட்டாகச் சொன்னது என் தலையிலேயே விடிந்தது. உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. ஓலை வாசிப்பதுதான் பாக்கி. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று வாசிப்பார்களே, அது. தேதி கேட்க உங்கள் தாத்தா சவரிமுத்து மாமாவிடம் போனேன். சூட்கேஸ் தைக்கிற பட்டறையில் மேஸ்திரி. அளவு தப்பாத மனிதர். விரலை மடக்கி எண்ணினார்.

"ஓலைக்கு மூணு ஞாயிறு வேணும். கணக்குப் பாத்தா ரெண்டுதான் மிச்சம். பொறவு எதுக்கு மாப்ள வீண் அலைச்சல்?"

"மாமா, அதெல்லாம் புரளி."

"புரளியா? நேத்து கோவில் வாசல்ல நின்னு என்ன கூவுன? 'வெள்ளிக்கெழம இருட்டப்போவுது, வாங்குங்க வாங்குங்க'ன்னு நீதான கூவுன? நானே ஒரு டஜன் வாங்குனேம்லா?"

சாவதும் சொந்த ஊரில்தான் என்று மாமா குடும்பத்தோடு புதன்கிழமை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். உங்கள் பாட்டி, என் அத்தை, அதற்கும் ஒரு படி மேலே. ஊரில் அவள் அண்ணன் மகன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். உலகம் முடிந்தால் சரி. ஒருவேளை முடியாமல் போனால் பெண்ணை அவனுக்குக் கொடுத்துவிடலாம். மாமா ஒரு முடிவுக்குத்தான் தயாராக இருந்தார், அத்தை இரண்டுக்கும்.

தண்ணீர்க் குழாயடியில் உங்கள் அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "ஒரு பக்கம் உலகம் முடியுதுன்னு யாவாரம், இன்னொரு பக்கம் கலியாணத்துக்கு ஓலையா? ரெண்டுல ஒண்ணச் சொல்லும். வண்டி ஏறிட்டா நான் திரும்பி வர மாட்டேன், பாத்துக்கிடும்." குடத்தோடு திரும்பிப் பார்க்காமல் போனாள். அன்றைக்கு நான் திரி விற்கப் போகவில்லை. ஆனால் விற்றதைத் திரும்ப வாங்கவும் எனக்குத் தைரியமில்லை.

உலகம் முடிகிற வாரம் திங்கட்கிழமை அப்பளக் கூடைகள் உள்ளே போயின. செவ்வாயும் வெளியே வரவில்லை. புதன்கிழமை தண்டவாளம் எல்லாம் தண்ணீர். ஊர் வண்டி ரத்து. மழைக்கு நான் இதுவரை நன்றி சொன்னது அந்த ஒருநாள்தான். மாமா குடும்பம் தாராவியிலேயே உலக முடிவைச் சந்திக்க வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். டிரங்குப் பெட்டியைத் தூக்கிவைக்க நான் போயிருந்தேன். மணி மூன்று அடிக்கவும் கரண்ட் போயிற்று. வெளியே மேகம், சந்து நல்ல இருட்டு. அத்தை கட்டிலில் ஏறி ஜெபமாலையைத் தொடங்கினாள். நிஜமாகச் சொல்கிறேன், நானும் கூடச் சேர்ந்து ஜெபம் சொன்னேன்.

மாமா முதல் திரியைப் பற்றவைத்தார். பொரிந்தது, புகைந்தது, அணைந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்து, ஆறு, ஏழு. தீப்பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாவது திரியும் அணைந்தபோது அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லவன் வீட்டுலதான் எரியும்னு போட்டுருந்துச்சே" என்றார். "தங்கச்சி கலியாணத்துக்கு நான் போவல. அவ அழுதழுது எழுதுனா, நான் பதில் போடல. அதுக்குத்தான். அதுக்குத்தான் எரிய மாட்டேங்குது."

அப்படி ஒரு தங்கை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பேசாமல் இருந்தால் என் யாவார மானம் தப்பிக்கும், பெண்ணும் ஒருவேளை கிடைப்பாள். வாயைத் திறந்தால் இரண்டும் போய்விடும். உங்கள் அம்மா மூலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, பாவம் ஒங்களது இல்ல. என்னோடது. நூலு ஈரம். காயுததுக்கு முந்தியே மெழுக ஊத்திட்டோம். யார் வீட்டுலயும் எரியாது. போப்பாண்டவர் வீட்டுலகூட எரியாது."

மாமா ஒரு திரியைப் பிய்த்து, நூலை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"அப்ப... நான் நரகத்துக்குப் போவலியா?"

"இல்ல மாமா."

"நீ போவ" என்றார்.

உங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் அடக்க முடியாமல் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நாலு மணிக்குக் கரண்ட் வந்து ஃபேன் சுற்றியது. மாமா எழுந்து சட்டையை மாட்டினார்.

"ஞாயித்துக்கெழம மொத ஓலைக்குச் சாமியார்ட்டச் சொல்லிரு. ஒன்ன வெளிய விட்டா ஊருக்கெல்லாம் இதத்தான் விப்ப. வீட்டுக்குள்ள வச்சிக்கிடுததுதான் எல்லாருக்கும் நல்லது."

அடுத்த வாரம் தங்கைக்குக் கடிதம் போட்டார். எங்கள் கல்யாணத்துக்கு அந்தத் தங்கை வந்தாள். துபாய்க்காரனும் வந்தான், நல்லவன். சாப்பாட்டுப் பந்தியில் அவன்தான் ஓடி ஓடிப் பரிமாறினான்.

இப்போது அந்தச் சந்து இல்லை. பெரிய கட்டிடம் நிற்கிறது. அங்கே கரண்ட் போனால் நாலு நொடியில் ஜெனரேட்டர் வந்துவிடுகிறதாம். யாரும் யார் வீட்டுக்குள்ளும் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அப்பளக் கூடைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. நாம் சிவப்பு எச்சரிக்கையைப் படித்துவிட்டு வெயிலில் குடையோடு போகிறோம்.

மாமாவும் போய் நாலு வருடம் ஆகிறது. போன கல்லறைத் திருநாளுக்குக் கடையில் வாங்கிய திரியை அவர் கல்லறையில் ஏற்றினேன். நல்ல மெஷின் திரி. முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டு, காற்றிலும் அணையாமல் எரிந்தது. உங்கள் அம்மா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீரு செஞ்சதுல ஒண்ணு மிச்சம் வச்சிருக்கலாம்" என்றாள்.