உஸ்மாவும் செத்த சர்வரும்

கல்மண்டபத்தில் மீன் வண்டிகள் திரும்பும் முனையில், மூன்றாவது மாடி அலுவலகம் ஒன்றில், உஸ்மா ஒன்பது வருஷமாக வெப்சைட்டுகள் ஓடும் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது. யானைக்கவுனியில் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் பில் போட்டுக்கொண்டே அஞ்சல் வழியில் டிகிரி முடித்தவள். பொறுமைசாலி என்று அவளுக்குப் பெயர். அந்தப் பெயர் போன புதன்கிழமையோடு போயிற்று. போனதே நல்லது.

அந்தக் கம்பெனிக்குச் சோறு போடுவது ஒரே ஒரு வெப்சைட்டு. எண்ணூர்ப் பக்கம் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டுடையது. அங்கே டிரெய்லர் ஓட்டி வருகிறவர்கள் முதல்நாளே அந்த சைட்டில் டோக்கன் எடுத்தாக வேண்டும். டோக்கன் இல்லாமல் மூன்று முறை கேட்டில் வந்து நின்றால் யார்டுக்குள் நுழையும் பாஸ் ரத்து. பாஸ் இல்லாத டிரைவரை எந்த முதலாளி வண்டியில் ஏற்றுவான்?

கூட்டத்தைத் தாங்குவதற்காக சைட்டை இரண்டு சர்வரில் வைத்திருந்தார்கள். சைட்டின் பெயரைத் தட்டினால் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று முகவரி சொல்வது டிஎன்எஸ். இரண்டு முகவரியையும் தரும், ஒருத்தருக்கு முதலாவதை முன்னால், அடுத்தவருக்கு இரண்டாவதை முன்னால் என்று மாற்றி மாற்றிச் சொல்லும், பாரம் பாதியாகும். ஒன்று படுத்துவிட்டால் அதன் முகவரியை எடுத்துவிட வேண்டும், மற்றது சமாளிக்கும். ஆனால் எடுக்க மனுஷன் வேண்டும். டிஎன்எஸ் முகவரி சொல்லுமே தவிர, அந்த வீட்டில் ஆள் இருக்கிறானா செத்தானா என்று எட்டிப் பார்க்காது. போனும் லேசுப்பட்டதல்ல. ஒருமுறை வாங்கிய முகவரியை ஒரு நாள் முழுக்க விடாப்பிடியாக வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது சர்வர் கெட்டு நாற்பது நாளாகிவிட்டது. அடியோடு அணைந்திருந்தாலாவது போன் அடுத்த முகவரியைத் தேடிப் போயிருக்கும். இது வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் வெறும் வெள்ளைப் பக்கத்தைக் காட்டியது. அந்த சர்வரை அணைக்கவும், டிஎன்எஸ்ஸை மாற்றவும் வேண்டிய பாஸ்வேர்டு கம்பெனி முதலாளி தீபன் கையில். முகவரியை எடுக்கச் சொல்லி உஸ்மா ஏழு மெயில் போட்டாள், நேரிலும் கேட்டாள்.

“ரெண்டு சர்வர் ஓடுதுன்னு யார்டுக்கு எழுதிக் குடுத்திருக்கோம் உஸ்மா. ஒண்ண எடுத்தா நாமளே காட்டிக் குடுத்த மாதிரி. பார்ட்ஸ் வரட்டும். டிரைவருங்க போன் பண்ணா, போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க.”

சொன்னாள். வெட்கக்கேடு, நாற்பது நாளும் சொன்னாள். “உங்க போன்லதாண்ணா கோளாறு.”

டிரைவர்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள். எர்ணாவூர் டீக்கடையில் யார் போனில் சைட்டு திறக்கிறதோ, அதற்கு ராசி போன் என்று பெயர். அவனைச் சுற்றிப் பத்துப் பேர் டோக்கனுக்கு நிற்பார்கள். ஒருத்தர் தன் போனுக்குக் குங்குமம்கூட வைத்துவிட்டார். மறுநாள் அதே போன் வெள்ளையாகிவிடும். நேற்று சாமியாக இருந்ததை இன்று திட்டுவார்கள். ராசியாம்! தீபனின் சோம்பேறித்தனத்துக்கு இவர்கள் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை மாரியப்பன் மூன்று மாடி ஏறி வந்தார். திருவொற்றியூர்க்காரர், இருபத்திரண்டு வருஷம் டிரெய்லர் ஓட்டியவர். முந்தின நாள் அவர் பாஸ் ரத்தாகியிருந்தது. கையில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காத புதுப் போன்.

“போன்ல கோளாறுன்னாங்கோ. புச்சாவே வாங்கிட்டேன். இதுலயும் வெள்ளையாத்தான் கீது. இன்னாமா இது?”

உஸ்மா போனை வாங்கிப் பார்த்தாள். செத்த இரண்டாவது சர்வரின் முகவரிதான். அவளுக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. தீபன் மேல் பாதி, தன் மேல் பாதி.

“கோளாறுன்னு சொன்னது நான்தாண்ணா. பொய் சொன்னேன். வாங்க, யார்டுக்குப் போலாம்.”

மாரியப்பன் அவளை ஒரு பார்வை பார்த்தார். முன்னால் படியிறங்கினார். கீழே ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

யார்டு மேனேஜர் அன்புமணி நாற்காலியை விட்டு அசையவில்லை. “மேடம், என் கம்ப்யூட்டர்ல ஒரு நாளும் நிக்கல. இங்க பாருங்க, ஓடுது. டோக்கன் எடுக்க சோம்பல், சாக்கு மட்டும் சைட்டு மேல.”

அது ஏன் நிற்கவில்லை என்பது உஸ்மாவுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால், பெரிய ஆபீசர் காத்திருக்கக் கூடாது என்று தீபன் சொல்ல, அந்தக் கம்ப்யூட்டருக்குள் முதல் சர்வரின் முகவரியை ஒற்றை வரியாக நேரடியாக எழுதி வைத்தவளே அவள்தான். அன்புமணி டிஎன்எஸ்ஸைக் கேட்டதே இல்லை. அவருக்கு மட்டும் தனி வாசல்.

“சார், கொஞ்சம் எழுந்திரிங்க. செக் பண்ணணும்.”

அந்த வரியை அழித்தாள். “உங்களுக்கு மட்டும் வெச்சிருந்த தனி வழிய எடுத்துட்டேன். இனிமே டிரைவருங்க வர்ற வழியிலதான் நீங்களும் வரணும். இப்போ தொறங்க.”

பாதிக்குப் பாதி வாய்ப்பு. எது வரும் என்று அவளுக்கே தெரியாது. அன்புமணி தட்டினார். வெள்ளை. மறுபடி தட்டினார். வெள்ளை. வெளியே கேட்டில் ஹாரன்கள் அலறின; அன்றைய வண்டிப் பட்டியல் அந்த சைட்டுக்குள் இருந்தது. ஐந்தாவது தடவை மவுஸை மேஜையில் அடித்தார். பிறகு தீபனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“யோவ், உன் சைட்டு படுத்துடுச்சு!”

“சார், இங்க நல்லா ஓடுதே. உங்க கம்ப்யூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி...”

“என் கம்ப்யூட்டரா? என்கிட்டயே கதை விடுறியா?” அன்புமணியின் முகம் சிவந்துவிட்டது. ஒரு நிமிஷத்துக்கே இந்தக் கோபம்!

உஸ்மா மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். “இந்த நாப்பது நாள்ல எத்தினி பேரு பாஸ் ரத்து பண்ணீங்க சார்?”

“அறுபத்து மூணு.”

“அறுபத்து மூணும் செல்லும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு முழுக்க டோக்கன் இல்லாம வர்றவங்களையும் உடணும், பழைய அட்ரஸ் அவங்க போன்ல இன்னும் ஒரு நாள் ஒட்டிக்கினு இருக்கும். எழுதுங்க, அப்புறம் தொறக்கறேன்.”

“மிரட்டுறியா?”

“ஆமா.”

ஹாரன் சத்தம் கூடிக்கொண்டே போனது. அன்புமணி எழுதினார். சீல் வைத்த தாளை மாரியப்பன் கையில் கொடுத்துவிட்டு, உஸ்மா இன்னும் துண்டிக்காமல் இருந்த போனின் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள்.

“தீபன் சார், உஸ்மா பேசறேன். ரெண்டாவது அட்ரஸ எடுங்க. இப்பவே.”

“உஸ்மா, நாளையிலிருந்து நீங்க வேலைக்கு வர வேணாம்.”

“வரல. அட்ரஸ எடுங்க.”

போனுக்குள் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. “எடுத்துட்டேன்” என்றார் தீபன். உஸ்மா கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்த பழைய முகவரியைத் துடைத்துவிட்டுத் திறந்தாள். பட்டியல் வந்தது.

மாரியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அவளிடம் கேட்டார்.

“ரெண்டு நிமிசம்கூட ஆவலியேமா. அவ்ளோதானா?”

“அவ்ளோதாண்ணா.”

“இத்த செய்யறதுக்கா நாப்பது நாளு?”

உஸ்மாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.