பத்தொன்பது முதுகிலும் சாக்பீஸ் கோடு

அவர் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை. ஆனாலும் தெருவுக்கு அவர் ‘புகை’தான். பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஈயம் பற்றவைப்பார்; அந்தப் புகை தலைக்கு மேலேயே நிற்கும். காசு போட்டு நின்றபடி ஆடுகிற ஆளுயரப் பெட்டிகள். எலி குடும்பம் நடத்தியது, மழையில் ஊறியது, கோழி முட்டையிட்டது என்று எங்கெங்கோ கிடந்ததையெல்லாம் தூக்கிவந்து உயிர் கொடுத்தார். பதினேழு வருஷத்தில் பத்தொன்பது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தோளை இடித்துக்கொண்டு நின்றன.

ஒவ்வொன்றும் சரியானதும் முதல் ஆட்டம் அவர் மனைவிக்கு. அடுப்பை அணைத்துவிட்டு ஈரக் கையோடு வருவாள். பத்தொன்பதிலும் முதலிடம் அவளுக்குத்தான். இவர் ஆடினால் மூன்று நிமிஷத்தில் மூன்று உயிரும் காலி. பழுது பார்க்கத்தான் லாயக்கு என்பாள் அவள். அதைக் கேட்பதற்காகவே தோற்கிற மாதிரி இருக்கும்.

அவள் தம்பியிடம் மூடிக்கிடந்த சலவைக்கூடம் ஒன்று இருந்தது. பெட்டிகளை அங்கே வைக்கலாம், ஜனங்கள் வந்து ஆடட்டும் என்று மச்சினன் சொன்னதுதான் தாமதம், மனுஷன் அங்கேயே குடியேறாத குறை. ஏழு மாசம் சோப்பும் சோடாவும் ஊறிய சுவரைச் சுரண்டினார். கூரையில் ஒழுகின இடத்தையெல்லாம் அடைத்தார். பெட்டிக்கு ஈரம் ஆகாது என்று தரையையே பெயர்த்துப் போட வைத்தார். தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோனது. பெட்டிகள் நிற்கச் சுவரோரம் மாடம் அடிப்பதுதான் பாக்கி. அதைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் மாமா ரெண்டு நாள் ஓய்வெடுக்கட்டும் என்றும் மச்சினன் அனுப்பிவைத்தான். அவனுக்கு அத்தனை அக்கறை அதற்கு முன் வந்ததே இல்லை. அதிலேயே சுதாரித்திருக்கலாம்.

மூன்றாம் நாள் போனார். மாடங்கள் அழகாகத்தான் இருந்தன. டேப்பை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு அடி ஆழம். பெட்டிக்கோ இரண்டரை அடி. உள்ளே பழைய டிவியில் இருக்கிற மாதிரிப் படக்குழாய் காலை நீட்டிப் படுத்திருக்கிறதே. தச்சர் கணக்கில் கோட்டைவிட்டார் என்று நினைத்துச் சிரித்தார். பக்கத்தில் நின்ற தச்சர் சிரிக்கவில்லை.

“அளவு சரிதாண்ணே. உள்ள இருக்கிறதை எடுத்துட்டுத் தட்டை டிவி மாட்டப்போறோம், முதுகை அறுத்துடுன்னாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “கோடுகூடப் போட்டாச்சு. அண்ணிதான் டேப்பைப் பிடிச்சாங்க” என்றார்.

கொட்டகைக்கு வந்து ஒரு பெட்டியை இழுத்துத் திருப்பினார். முதுகை அறுத்தெடுக்கப் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சாக்பீஸ் கோடு. அடுத்ததிலும். பத்தொன்பதிலும். இவர் அங்கே சுவர் சுரண்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பகலில் போட்டிருக்கிறார்கள்.

மனைவி வாசலில் வந்து நின்றாள். பழசு அடிக்கடி மக்கர் பண்ணும், இதற்கு ஒத்துக்கொண்டால்தான் இடம் என்று தம்பி சொன்னானாம். ஒன்றும் இல்லாததற்குப் பெட்டியாவது நிற்கட்டுமே என்று இவளும் சரி என்றாளாம்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“வேலை முடியறவரைக்கும் சொல்லாதேன்னான்.”

அவர் தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது.

“உள்ள ஒண்ணும் இல்லாம வெளிய மட்டும் நிக்கவைக்கிறது. ஏழு மாசமா என்னை அப்படித்தானே வெச்சிருந்தீங்க.”

ஒரு துணியை நனைத்தார். ஒவ்வொரு பெட்டியாக இழுத்து, துடைத்து, பழையபடி சுவரோடு தள்ளினார். ஒன்றும் அங்கே போகாது, தகரத்துக்குக் கீழேயே கிடக்கட்டும் என்று பெட்டிகளிடம் சொல்வதுபோலச் சொன்னார். பதினெட்டு முடிந்தது. கடைசியாக நின்றது அவர் முதன்முதலில் சரிசெய்த பெட்டி. அவள் முதன்முதலில் ஆடி ஜெயித்ததும் அதில்தான். அதன் கோட்டை மட்டும் அவர் தொடவில்லை. துணியை அவள் கையில் வைத்தார்.

“இதை அழிக்கிறதா அறுக்கிறதான்னு நீயே பாத்துக்கோ.”

ஸ்டூலில் உட்கார்ந்து, பழுதான சர்க்யூட் பலகை எதுவும் இல்லாமலே ஈயம் பற்றவைக்கிற கம்பியைச் சூடுபண்ணினார். முதுகுக்குப் பின்னால் துணியிலிருந்து சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. துடைக்கிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். திரும்பி மட்டும் பார்க்கவில்லை.