இருநூற்றைம்பத்தாறில் நின்ற விமானம்

எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையை நினைத்தால் எனக்கு முதலில் கம்ப்யூட்டர் ஞாபகம் வருவதில்லை. கதவுக்கு வெளியே கிடந்த செருப்புகள்தான் வரும். டயர் செருப்பு, ரப்பர் செருப்பு, தலைமையாசிரியரின் தோல் செருப்பு, விருந்தினராக வந்த யாரோ ஒருவரின் ஷூ எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தூசி பட்டால் உள்ளே இருப்பது செத்துவிடும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மாதா கோயிலுக்குள்கூட அவசரத்தில் சிலர் செருப்போடு நுழைந்துவிடுவார்கள். இந்த அறைக்குள் ஒருவரும் அப்படி நுழைந்ததில்லை. தரையில் விரிப்பு, ஜன்னலில் நீலத் திரை, சுவரில் ஏசி. இவ்வளவு மரியாதை செய்து நாங்கள் உள்ளே உட்கார வைத்தது ஒரு தவறான இயந்திரத்தை. அது தவறான இயந்திரம் என்று முன்கூட்டியே சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று முப்பது வருடங்களாக நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

அவர் எங்கள் பள்ளியின் பௌதிக டீச்சர். கடத்தூர்ப் பக்கம் புளியும் நிலக்கடலையும் விளைந்த காட்டில் பாடுபட்ட ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். நான்கு வருடங்களாகத் தற்காலிக ஆசிரியர். ஒவ்வொரு ஏப்ரலிலும் அவருடைய வேலை முடிந்துவிடும், ஜூனில் மறுபடி ஆணை தட்டச்சாகும். அதைத் தட்டச்சு செய்வது நான்தான். அலுவலக எழுத்தர் நான். எண்பத்தெட்டாம் ஆண்டு மழைக்காலத்தில், வெளிநாட்டு நன்கொடை ஒன்றில் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவானது. அன்று தாளாளர் ஃபாதர் என் எதிரிலேயே அவரிடம் சொன்னார்: “ஆண்டு விழாவுல ஊர் சனங்க முன்னாடி இதை ஓட்டிக் காட்டு டீச்சர். ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் குரூப்பு வேணும்னு கவர்மெண்டுக்கு எழுதிப் போடறேன். அந்த இடத்துல உன்னையே நிரந்தரமாப் போட்டுடறேன்.” ஃபாதர் வாக்குத் தவறுகிறவர் அல்ல. காட்டினால் வேலை, காட்டாவிட்டால் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம் என்று எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது.

எதைக் காட்டுவது என்பதிலும் டீச்சர் தெளிவாக இருந்தார். மார்க் பட்டியல் அச்சாவதைக் கண்டு ஊர் சனம் வாயைப் பிளக்காது. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அவருடைய அண்ணன், விமானம் ஓட்டுவதைத் திரையில் அப்படியே செய்துகாட்டும் ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற நிரலை ஒரு பிளாப்பியில் கொண்டுவந்து தந்திருந்தார். அந்தத் தீபாவளி விடுமுறையில் டீச்சர் பெங்களூர் போய், அண்ணனுக்குத் தெரிந்த மூன்று அலுவலகங்களில் மூன்று விதமான கம்ப்யூட்டர்களில் அதே பிளாப்பியைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்திருக்கிறார். பௌதிகம் படித்தவர் அல்லவா, ஊசல் ஆடுவதை எண்ணுவதுபோல் ஒரு நிமிடத்துக்குத் திரையில் படம் எத்தனை தடவை புதிதாக வரையப்படுகிறது என்று எண்ணியிருக்கிறார். திரும்பி வந்ததும் ஆசிரியர் அறையில் அதை விளக்கினார். விமானத்தின் ஜன்னல் வழியே தெரியும் ஓடுபாதையையும் மலையையும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுத்தான் வரைகிறது. வேகமான இயந்திரம் கணத்துக்குக் கணம் வரைந்துவிடும், மந்தமானது ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நம்மைக் காக்க வைக்கும். “அப்படி நின்னு நின்னு வந்தா அது ஏரோப்ளேன் இல்லீங்க, காலண்டரு. தாளைக் கிழிச்சுக் கிழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

“வெளையாட்டுக்கா டீச்சர் மெஷினு வாங்கறது?” என்று கேட்டேன்.

“வெளையாட்டுன்னு நெனைக்காதீங்க சார். இருக்கறதுலயே மெஷினைக் கசக்கிப் புழியறது இதுதான். இது தங்குதடையில்லாம ஓடுச்சுன்னா நீங்க கேக்கற சம்பளப் பில்லு, மார்க் லிஸ்ட்டு எல்லாம் சும்மா ஓடும். பெங்களூர்ல மெஷின் வாங்கறவங்களே இதைப் போட்டுப் பாத்துட்டுத்தான் வாங்கறாங்க.”

நவம்பர் கடைசியில், கொள்முதல் கமிட்டி கூடுவதற்கு முந்தைய நாள் பள்ளி விடும் நேரத்தில், அவர் ஒரு கடிதத்தோடு என் மேசைக்கு வந்தார். முத்துமுத்தான கையெழுத்து. எதை முதலில் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று வரிசைப்படுத்தியிருந்தார். முதலாவது, உள்ளே கணக்குப் போடும் சில்லின் வேகம். அடுத்தது நினைவகம்: கம்பெனிக்காரர் தருவதாகச் சொன்ன இருநூற்றைம்பத்தாறு கிலோபைட் போதாது, அறுநூற்று நாற்பது வேண்டும். பிறகு, திரைக்குப் படம் அனுப்பும் அட்டை வண்ணம் காட்டுவதாக இருக்க வேண்டும், கறுப்பும் பச்சையும் காட்டும் அட்டையில் இந்த நிரல் ஓடாது. திரை எவ்வளவு பெரியது என்பது கடைசிக் கவலை. ஏசி வேண்டவே வேண்டாம், மின்விசிறி ஒன்று போதும், அந்தப் பணத்தை முதல் மூன்றுக்கும் போடலாம். கையெழுத்துப் போடும் முன் தன்னுடைய பிளாப்பியைப் போட்டு ஓட்டிப் பார்த்தே இயந்திரத்தை ஏற்க வேண்டும் என்று முடித்திருந்தார்.

நான் படித்தேன். படித்துவிட்டு, “தலைமையாசிரியர் வழியா வரலீங்களே டீச்சர்” என்றேன். ஆசிரியர் யாரும் தாளாளருக்கு நேராக எழுதக்கூடாது, தலைமையாசிரியர் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்பது முறை. அவரோ தர்மபுரிக்குக் கூட்டமென்று போய் அந்த வாரம் முழுக்க வரமாட்டார். டீச்சர் அதைச் சொன்னார். முறை முறைதான் என்று நான் சொன்னேன். “சரிங்க சார், கெடைச்சுதுன்னு இந்தக் கார்பன் காப்பியிலயாவது ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்று நகலை நீட்டினார். சுருக்கொப்பம் போட்டேன். தேதி இல்லாமல் கையெழுத்திட எனக்கு வராது, அதனால் தேதியும் போட்டேன். அவர் போனதும் மூலக் கடிதத்தை மேசை டிராயரில் போட்டேன். பதிவேட்டில் ஏற்றவில்லை. முறைப்படி வராத கடிதம் வந்ததாகவே ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. உண்மை அதுவல்ல. ஏசி வைக்கலாம் என்று கமிட்டிக்குக் குறிப்பு எழுதித் தந்தவன் நான். தர்மபுரியில் ஒரு அலுவலகத்தில் அப்படிப் பார்த்து அசந்துபோய் வந்திருந்தேன். நான் எழுதிய குறிப்பை ஒரு தற்காலிக டீச்சர் ஒரே வரியில் அடித்துவிட்டிருந்தார்.

மறுநாள் கமிட்டியில் கடிதம் வரவில்லை. பெற்றோர் சார்பில் வந்திருந்த பால் சொசைட்டித் தலைவர்தான் அதிகம் பேசினார். கறவை மாடு வாங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. “உள்ள இருக்கற சமாச்சாரத்தை யாருங்க ஃபாதர் தெறந்து பாக்கப் போறாங்க? டிவி பெருசா இருக்கணும், ரூமு ஜில்லுன்னு இருக்கணும். வந்தவங்க இது ஏதோ பெரிய எடம்னு சொல்லணுமில்லீங்க” என்றார். ஃபாதர் என் குறிப்பைப் புரட்டிப் பார்த்துத் தலையசைத்தார். பெரிய திரை, ஏசி, விரிப்பு, ஜன்னலுக்கு நீலத் துணி எல்லாம் போக மிச்சமிருந்ததில் எது கிடைக்குமோ அந்தக் கம்ப்யூட்டர். தீர்மானத்தை அழகான தமிழில் எழுதியவனும் நான்தான்.

எண்பத்தொன்பது ஜனவரியில், பொங்கல் கழிந்து பெட்டிகள் வந்தன. டீச்சர் வகுப்பில் இருந்தபோதே நான் கையெழுத்திட்டு இறக்கி வைத்தேன். அறையை ஜெபம் செய்து மந்திரிக்கும் நாளில் ஃபாதர் தீர்த்தம் தெளிக்க வர, பால் சொசைட்டித் தலைவர் கதவுக்கு வெளியே தேங்காய் உடைத்துவிட்டு, “ஃபாதர், மிஷினு மேல வேணாமுங்க, ஷாக் அடிச்சிரும். ஜன்னல் மேல தெளிங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், டீச்சர் சேரவில்லை. அவர் இயந்திரத்தை இயக்கிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடங்கும்போது கம்ப்யூட்டர் தன் நினைவகத்தைத் தானே எண்ணிப் பார்க்கும். எண் ஏறிக்கொண்டே வந்து இருநூற்றைம்பத்தாறில் நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏனென்று கேட்டிருந்தால் முறை பற்றிச் சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன்.

அடுத்த ஒரு மாதம் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது. வண்ண அட்டை இல்லாததால் பிளாப்பி முதலில் ஓடவே மறுத்தது. வண்ண அட்டை இருப்பதுபோல் பாசாங்கு செய்யும் ஒரு சிறு நிரலை அண்ணனிடமிருந்து வரவழைத்தார். அதைப் போட்டதும் விமானம் திரையில் வந்தது. ஆனால் அந்தப் பாசாங்கு, ஏற்கனவே மந்தமான இயந்திரத்தை இன்னும் மந்தமாக்கியது. மலைகளை எடுத்துவிட்டார். கட்டடங்களை எடுத்துவிட்டார். ஓடுபாதையும் அடிவானக் கோடும் மட்டும் மிஞ்சின. ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, அதன் பலன் திரையில் தெரிவதற்குள் அடுத்தது என்ன அழுத்த வேண்டும் என்பதை மனப்பாடம் செய்திருந்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டியிருப்பார். ஏசியை மட்டும் ஒருநாளும் போடவிடவில்லை. “அது ஸ்டார்ட் ஆவறப்ப கரண்டு தொபுக்குனு எறங்குது சார். மெஷினு மயங்கி விழுந்துருது. விழா அன்னைக்கும் போடாதீங்க, நீங்கதான் பாத்துக்கணும்” என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பிப்ரவரியில் ஆண்டு விழா. மதியத்துக்கு மேல் அந்தச் சிறிய அறையில் நாற்பது பேருக்குக் குறையாமல் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். டீச்சர் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தார். விமானம் ஓடுபாதையில் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. கோடுகள் ஒரு தரம் கிட்டே வரும், பிறகு யோசிக்கும்.

“ஏறுதாங்க டீச்சர், எறங்குதா?” என்றது ஒரு குரல்.

“ஏறுதுங்க. கொஞ்சம் பொறுங்க.”

“நம்ம பென்னாகரம் டவுன் பஸ்ஸு இதை விட வெரசா மேடு ஏறுமே” என்றார் பால் சொசைட்டித் தலைவர். அறை முழுக்கச் சிரித்தது. டீச்சரும் புன்னகைத்தார், கை மட்டும் விசைப்பலகையை விடவில்லை. உண்மையில் விமானம் தரையை விட்டிருந்தது. அடிவானக் கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சிலர் அதைக் கவனித்து அமைதியானார்கள். இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் அவர் ஒரு வட்டமடித்து இறக்கியிருப்பார். அத்தனை நாள் சாவியோடு வாசலில் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அப்போது ஃபாதர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “வந்தவங்களுக்கு வேர்க்குது பாருங்க. ஏசியப் போடுங்க.” டீச்சர் தலையைத் திருப்பவில்லை, ஆனால் “சார், வேணாங்க” என்றார். எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. உத்தரவு யாருடையது என்பதைத்தான் நான் பார்த்தேன். சுவிட்சைப் போட்டேன்.

ஏசி ஒரு முறை உறுமியது. விளக்கு மங்கியது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்து, மறுபடி எரிந்தது. எண்கள் ஏறத் தொடங்கின. “பாருங்க, பாருங்க, இப்பத்தான் மேல போவுது” என்று தலைவர் உற்சாகமாகிவிட்டார். அதை விமானத்தின் உயரம் என்று நினைத்து நாற்பது பேரும் வாய்விட்டு எண்களைப் படித்தார்கள். அறுபத்து நாலு, நூத்தி இருவத்தெட்டு. டீச்சர் மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருநூற்றைம்பத்தாறில் எண் நின்றது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. “அவ்ளோதானா?” என்று கேட்டுவிட்டு, ஒவ்வொருவராக வெளியே போய்த் தங்கள் செருப்பைத் தேடினார்கள்.

மறுநாள் காலை ஃபாதர் என்னை அறைக்குள் அழைத்தார். கோபமாக இல்லை, வருத்தமாக இருந்தார். “இந்த மெஷினு சரிப்படாதுன்னு முன்னாடியே எழுதிக் குடுத்ததா டீச்சர் சொல்லுது. அப்படிக் கடிதம் ஏதாவது ஃபைல்ல இருக்கா?” என்று கேட்டார். டிராயர் என் முழங்காலிலிருந்து பத்தடி தூரத்தில், பக்கத்து அறையில் இருந்தது. “ஃபைல்ல இல்லீங்க ஃபாதர்” என்றேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஃபைலில் வைத்திருந்தால்தானே ஃபைலில் இருக்கும். ஃபாதர் பெருமூச்சு விட்டு, “தோத்துட்டா யாரு மேலயாவது பழி போடத் தோணும், மனுசங்கதானே” என்றார். அந்த ஏப்ரலில் முடிந்த வேலைக்கு ஜூனில் ஆணை தட்டச்சாகவில்லை. கம்ப்யூட்டர் அலுவலகத்துக்கு வந்து சம்பளப் பில் அடித்தது. நான்தான் அடித்தேன்.

அந்த ஏப்ரல் வரை நான் பயந்தது ஒன்றுக்குத்தான். என் சுருக்கொப்பமும் தேதியும் உள்ள நகல் அவரிடம் இருந்தது. எந்த நாளும் அதை எடுத்துக்கொண்டு ஃபாதர் முன் நிற்பார் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. தொலைத்திருப்பார் என்று பிற்பாடு முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு எனக்கு வெகுகாலம் நல்ல தூக்கம் தந்தது.

சில வருடங்களுக்கு முன் பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். ஓசூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். தலை முழுக்க நரை. எதிர் நாற்காலியில் யாரோ ஒரு பையன் கைபேசியில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். மேகத்தின் நிழல் வயலில் ஓடுவதுகூடத் தெரிந்தது. அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். எவ்வளவோ பேசிவிட்டு, கேட்கக்கூடாததைக் கடைசியில் கேட்டேன்: “அந்தக் காப்பிய நீங்க அன்னைக்கே ஃபாதர்கிட்டக் காட்டியிருக்கலாமே டீச்சர்?”

“காட்டத்தான் வந்தேங்க சார். கதவுக்கு வெளிய கையில வெச்சிக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தேன். ஃபாதர் கேட்டாரு, நீங்க இல்லீங்கன்னீங்க.” அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “உங்க கொரலு கொஞ்சங்கூட ஆடலீங்க. காட்டி வேலையும் வாங்கிட்டா, அந்தக் கொரலு இருக்கற ஆபீஸ்லதானே நான் ரிட்டையர் ஆவற வரைக்கும் கையெழுத்துப் போடணும்னு நெனச்சேன். திரும்பிப் போயிட்டேன்.”

அவர் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“கடைசிப் பந்தி போவுதுங்க சார். போயிச் சாப்பிடுங்க” என்றார்.

போய்ச் சாப்பிட்டேன்.